பிள்ளையின் நிறை சங்கத்தின் விவகாரமே



சங்கக் காரியாலயத்துக்கு வரும் மரண சகாய விண்ணப்பங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு ஒரு மாற்றம் தெரியும். மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் முன்னர் காய்ச்சல் என்றும் வயிற்றோட்டம் என்றும் பிரசவம் என்றும் எழுதியிருந்தார்கள். இப்போது மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம் முற்றிச் சிறுநீரகம் பழுது என்றே எழுதி வருகிறது. வயதைப் பார்த்தால் மனம் இன்னும் கனக்கிறது. 48, 51, 54. ஊழியர் சேமலாப நிதியைக் கையில் வாங்கும் முன்னரே ஆள் போய்விடுகிறார்.

"நேற்று மலைக்குப் போனவர், இன்று இல்லை, திடீரென்று போய்விட்டார்" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். டவுனில் இருக்கும் படித்தவர்களும் கம்பனிக்காரர்களும் வேறு மாதிரிப் பேசுவார்கள். தோட்டத்து ஆட்கள் உப்பு அதிகம் போடுகிறார்கள், சாராயம் குடிக்கிறார்கள், வெற்றிலையும் புகையிலையும் போடுகிறார்கள், அதனால்தான் நெஞ்சுவலி என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. புகையிலையும் சாராயமும் உப்பும் எமது ஆட்களைக் கொல்கின்றன என்பதை இந்தப் பத்திரிகை பல தடவை எழுதியிருக்கிறது, இனியும் எழுதும். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. ஐம்பது வயதில் நின்றுபோகும் இருதயத்தின் கணக்கு, அந்த மனிதர் ஒரு வயதுப் பிள்ளையாகப் பிள்ளைக் காம்பராத் தராசில் கிடந்த காலத்திலேயே, ஏன், தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே எழுதப்படத் தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் தொழிற்சங்கக்காரர்கள் அல்லர், வைத்தியர்கள்.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். 1911 ஆம் ஆண்டு அங்கே எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற பெண்மணி தாதியர்களுக்கும் மருத்துவ மாதுகளுக்கும் தலைவியாக இருந்தார். கிராமத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் மருத்துவ மாது எழுத வேண்டும், ஒரு வயதாகும்போது தாதி வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்து எழுத வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். தாதிகள் சைக்கிளில் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். அந்தப் பேரேடுகள் பல வருடம் தூசி படிந்து கிடந்தன. பிறகு சவுதாம்டன் நகரத்து டொக்டர் டேவிட் பார்க்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் அவற்றைத் தேடி எடுத்து, அதில் பெயர் இருந்தவர்கள் பிற்காலத்தில் எதனால் இறந்தார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினார்கள். 1911 இற்கும் 1930 இற்கும் இடையில் பிறந்த 5654 ஆண்களின் கணக்கு 1989 இல் வெளியானது. ஒரு வயதில் 18 றாத்தலோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள் இருதய நோயால் இறந்த வீதம், 27 றாத்தலுக்கு மேல் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். எங்கள் கணக்கில் சொன்னால் எட்டுக் கிலோப் பிள்ளைக்கும் பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம்.

அதுவரை உலகம் நினைத்திருந்தது வேறு. மாரடைப்பு வசதியானவர்களின் நோய், கொழுப்பும் இறைச்சியும் தின்று காரில் போகிறவர்களுக்கு வருவது என்பதுதான் பொதுவான எண்ணம். 1986 இலேயே பார்க்கரும் கிளைவ் ஒஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் கைக்குழந்தைகள் அதிகம் செத்த ஏழைப் பகுதிகளில்தான் பிற்காலத்தில் மாரடைப்பும் அதிகமாக இருந்தது. குழந்தைப் பருவத்தில் சாகாமல் தப்பியவர்கள் அந்தப் பசியை உடம்பில் சுமந்துகொண்டே ஐம்பது அறுபது வயது வரை நடந்திருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். தாய்க்குச் சாப்பாடு போதவில்லை என்றால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு குறைகிறது. குறைந்த பங்கை வைத்துப் பிள்ளையின் உடம்பு சிக்கனம் செய்கிறது. மூளையை முதலில் காப்பாற்றுகிறது. மற்ற உறுப்புகளில் கை வைக்கிறது. சிறுநீரகத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் நுண்ணிய வடிகட்டிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்னர் அவை உண்டாவது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அவை குறைவு. குறைந்த வடிகட்டிகள் வாழ்நாள் முழுவதும் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது, பிற்காலத்தில் பிரஷர் ஏறுவதற்கு அது ஒரு வழி. தசையும் குறைவாகத்தான் வளர்கிறது. நாம் சாப்பிடும் மாப்பொருள் சீனியாக மாறிப் பெரும்பாலும் தசைக்குள்தான் போய் எரிகிறது. தசை குறைந்தால் சீனி இரத்தத்தில் தேங்கும். பிரஷரும் சீனியும் சேர்ந்தால் இருதயத்தின் இரத்தக் குழாய் என்ன பாடுபடும் என்பதைக் கிளினிக் நாளில் வரிசையில் நிற்கும் எமது தாய்மாரிடம் கேட்டாலே சொல்வார்கள்.

இந்த இடத்தில் மலையகத்தின் ஒரு பழைய காயத்தைத் தொட வேண்டியிருக்கிறது. 1973, 74 பஞ்சத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது. கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு. மரவள்ளியும் கீரையும் வேரும் அவித்துத் தின்றோம். 1974 இல் தோட்டங்களில் மரண வீதம் சடுதியாக உயர்ந்ததை அரசாங்கப் பதிவுகளே காட்டின. கப்பலேறியவர்கள் ஏறினார்கள், செத்தவர்களைப் புதைத்தோம், மிச்சமிருந்தவர்கள் வேலைக்குப் போனோம். அந்த வருடங்களில் தாயின் வயிற்றில் இருந்தவர்களும் கைக்குழந்தையாக இருந்தவர்களும் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். சகாய விண்ணப்பங்களில் நாம் பார்க்கும் அதே வயது. ஒல்லாந்து தேசத்தில் 1944, 45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததால் ஒரு பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் முதல் மாதங்களில் இருந்தவர்களை ஐம்பது வயதில் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். இருதய நோய் மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஒல்லாந்துப் பஞ்சம் சில மாதங்களில் முடிந்தது. மலையகத்தில் வயிறு நிறைந்த காலம் எப்போது தொடங்கியது என்று யாராவது சொல்லட்டும்.

கதையின் இரண்டாவது பாதி இன்னும் முக்கியமானது. பட்டினியில் பிறந்த பிள்ளை பட்டினியிலேயே இருந்தால் ஒரு விதமான கஷ்டம். பட்டினியில் பிறந்து, இரண்டு வயது வரை மெலிந்து கிடந்து, அதற்குப் பிறகு மாவும் சீனியும் எண்ணெயும் தின்று நிறை ஏறினால் வரும் கஷ்டம் வேறு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 1934 இற்கும் 1944 இற்கும் இடையில் பிறந்த 8760 பேரின் கிளினிக் பதிவுகளை வைத்து 2005 இல் ஓர் ஆய்வு வந்தது. பிற்காலத்தில் இருதய நோய் கண்டவர்கள் சிறிதாகப் பிறந்தவர்கள், இரண்டு வயதில் மெலிந்திருந்தவர்கள், அதன் பின்னர் வேகமாக நிறை கூடியவர்கள். டில்லியில் பிறந்ததிலிருந்து நிறை எழுதிவைக்கப்பட்ட 1492 பேரை 26 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் சோதித்தபோதும் இதே பாதைதான் தெரிந்தது. சீனி வருத்தமோ அதற்கு முந்தைய நிலையோ கண்டவர்கள் கைக்குழந்தையாக மெலிந்திருந்து, இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் நிறை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டுப் பிள்ளை என்று சொல்லும் அளவில் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்வைக்குச் சாதாரணப் பிள்ளைகள். பூனாவில் டொக்டர் யாஜ்னிக் கண்டது இன்னும் வேதனையானது. அங்கே கிராமத்துப் பிள்ளை பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, சவுதாம்டன் பிள்ளை 3.5 கிலோ. நம் பக்கத்துப் பிள்ளைக்குத் தசையும் உறுப்பும்தான் குறைந்திருந்தன. தோலுக்குக் கீழ் இருக்கும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கண்ணுக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு.

இதைக் கேட்டுவிட்டு எந்தத் தாயும் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துவிடக் கூடாது. முதல் இரண்டு வருடத்தில் பிள்ளை நன்றாக நிறை கூடி, உயரமும் கூடி வளர்ந்தால் அது இருதயத்துக்கு நல்லது. அந்தக் காலத்தில் கொடுக்கும் ஒவ்வொரு முட்டையும் ஒவ்வொரு கரண்டிப் பருப்பும் அவன் ஐம்பது வயதுக்குப் போடும் சேமிப்பு. பிந்தி, பாடசாலை வயதில், உயரம் கூடாமல் வயிறு மட்டும் கூடுவதுதான் ஆபத்து. பிள்ளையை வளர்ப்பது வேறு, ஊதவைப்பது வேறு.

இனி எங்கள் நிலைமையைப் பார்ப்போம். 2016 ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். பெருந்தோட்டத்தில் 32 வீதம். கிட்டத்தட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை. இது 2022 நெருக்கடிக்கு முந்தைய கணக்கு. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 90 வீதத்துக்கும் மேலாக ஏறியிருந்தது. திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. அப்போது எங்களுக்கு நாட்சம்பளம் 2021 மார்ச்சில் போராடி வாங்கிய அதே 1000 ரூபாதான். 2024 செப்டெம்பரில் 1350 ஆகும்வரை மூன்றரை வருடம் அப்படியே ஓடியது. அந்த மூன்றரை வருடத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது பிள்ளைக் காம்பராவிலும் முன்பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது சங்கக் காரியாலயத்தில் யார் இருப்பார்களோ தெரியாது. விண்ணப்பம் மட்டும் வரும்.

"தோட்டத்துப் பிள்ளைகள் பரம்பரையாகவே குள்ளம்தானே, தாய் தகப்பனும் அப்படித்தானே" என்று சில உத்தியோகத்தர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கு உலக சுகாதார நிறுவனமே பதில் சொல்லிவிட்டது. 1997 இலிருந்து 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, போதிய உணவும் சுகாதாரமும் கிடைத்த பிள்ளைகளை அளந்தார்கள். ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். டில்லிப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் ஒரே கோட்டில் போகும்போது ஹட்டன் பிள்ளைக்கும் பதுளைப் பிள்ளைக்கும் மட்டும் என்ன பரம்பரை? ஒரு பரம்பரை இருப்பது உண்மை. குள்ளமாக வளர்ந்த பெண் பிள்ளை தாயாகும்போது அவள் பிள்ளையும் சிறிதாகப் பிறக்கிறது. அது இரத்தத்தால் வந்த பரம்பரை அன்று, சம்பளத்தால் வந்த பரம்பரை.

நாளுக்கு இரண்டு மூன்று தடவை மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள். கூடைக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கழிக்கிறார்கள். ஒரு கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையுடன் சண்டை போட வேண்டியிருக்கிறது. கொழுந்தை இவ்வளவு கவனமாக நிறுக்கும் தோட்டத்தில் பிள்ளை நிறுக்கும் தராசு என்ன நிலையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சில இடத்தில் நன்றாக இருக்கிறது, நல்ல மிஸ்மாரும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. சில இடத்தில் முள் நேராக நிற்பதில்லை. உயரம் அளக்கும் பலகையே இல்லை. நிறை நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன தாய்க்கு அரைப்பேர். அரைப்பேர் விழும் என்று தெரிந்தால் யார் போவார்? ஆச்சி கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்புகிறோம். ஆச்சிக்கு மிஸ் சொன்னது பாதி விளங்கும், மீதி வழியில் மறந்துபோகும்.

கிளினிக் அட்டையில் பிள்ளையின் கோடு பச்சைப் பட்டைக்கு வெளியே போனால்தான் கவலைப்பட வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். பட்டைக்குள்ளேயே இருந்தாலும் கோடு ஏறாமல் இரண்டு மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் அதுவே எச்சரிக்கை. பெரும்பாலும் அது ஆறாவது மாதத்துக்குப் பிறகு, பாலுடன் சாப்பாடு சேர்க்கத் தொடங்கும் காலத்தில்தான் படுக்கிறது. அந்த நேரத்தில் தாய் மலையில் நிற்கிறாள்.

பிரசவ விடுமுறை சட்டப்படி 84 நாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்தான், மூன்றாவது பிள்ளைக்கு வெட்ட முடியாது. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது இதே அரசாங்கத்தின் சுகாதார அமைச்சு. 84 நாளையும் ஆறு மாதத்தையும் எப்படிச் சேர்ப்பது? சேர்ப்பதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, எமது பெண்கள் பலருக்கு அது தெரியாது. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாத தோட்டத்தில் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது. மலையுச்சியிலிருந்து இறங்கி, பால் கொடுத்து, ஏறிப் போக 30 நிமிடம் எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். அதில் கம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை. கணக்கப்பிள்ளை காலையில் ஆள் பிரிக்கும்போது கொஞ்சம் மூளையைப் பாவித்தால் போதும்.

கர்ப்பிணிப் பெண்களின் விடயம் இதற்கு முந்தையது. பிள்ளையின் சிறுநீரகமும் இருதயத் தசையும் உருவாவது அவள் கூடை சுமந்து சரிவில் ஏறும் மாதங்களில்தான். இரும்புச் சத்து மாத்திரையைப் பிளேன்டீயுடன் விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும், தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இதை மிஸ் சொல்லித்தான் அனுப்புவார், ஆனால் மலையில் குடிக்க வேறென்ன இருக்கிறது? சுத்தமான தண்ணீர் இல்லாத மலையில் கொதிக்கவைத்த தேத்தண்ணிதான் பாதுகாப்பு. ஆகவே மலைக்குக் குடிதண்ணீர் என்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 1973 இலிருந்து இந்த நாட்டில் கொடுக்கப்படும் திரிபோஷா வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உருண்டையாகப் பங்கு பிரிக்கப்படுகிறது. பசித்த வீட்டில் தாய் தனியே சாப்பிட மாட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்பவர்கள் பசியை அறியாதவர்கள்.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். காலை ஐந்து மணிக்கு ஒரு அடுப்பில் நாலு பேருக்கு ஆக்கி, மத்தியானம் மலையில் தின்னவும் கட்டிக்கொடுக்க வேண்டும் என்றால் ரொட்டியை விட்டால் வேறு வழியில்லை. ரொட்டி வயிற்றை நிரப்பும், பலம் கொடுக்கும். ஆனால் கோதுமை மாவும் கட்டச் சம்பலும் மட்டும் தின்று ஒரு பிள்ளை உயரமாக வளராது. அதனுடன் பருப்போ, கௌபியோ, பயறோ, நெத்தலியோ, முட்டையோ ஏதாவது ஒன்று சேர வேண்டும். மாவில் குறைவாக உள்ள சத்தைப் பருப்பு நிரப்பும். சோறும் பருப்பும் கீரையும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்த்து மசித்தால் எட்டு மாதப் பிள்ளைக்கு அதைவிட நல்ல சாப்பாடு எந்தக் கடையிலும் இல்லை. ரொட்டியைச் சீனித் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுத்தால் பிள்ளை விரும்பிச் சாப்பிடும், அழாது, தூங்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்து. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை, பல் கெடுகிறது, நாக்கு இனிப்புக்குப் பழகுகிறது.

சம்பள நாளில் டவுனுக்குப் போகும் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மேலுள்ள பாசத்தில்தான் சோடாப் போத்தலும் பிஸ்கட் பக்கற்றும் மிக்சரும் வாங்கி வருகிறீர்கள். அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம், அரைக் கிலோ பருப்பு வாங்கலாம். சோடாப் போத்தலில் 2016 இலிருந்து சீனியின் அளவுக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி மிக அதிகம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிகூட அதைப் பார்த்துச் சொல்லலாம். பிள்ளைக்கு வாங்கியது போகத் தமக்கு வாங்குவதைப் பற்றி இங்கே எழுதவில்லை, வீட்டில் அம்மா சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் பிறகு, விதி எழுதியாயிற்று, இனி என்ன செய்வது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறை குறைந்து பிறந்த எல்லோருக்கும் மாரடைப்பு வருவதில்லை. ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். அதைக் குறைக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் 29 கிராமங்கள். 1980களின் கடைசியில் அவற்றில் 15 கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நாளாந்தம் சோளமும் சோயாவும் கலந்த உணவு கொடுக்கப்பட்டது. மற்ற 14 கிராமங்களுக்கு அந்தத் திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. அங்கே பிறந்தவர்கள் 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்டவர்களானபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு கிடைத்த கிராமத்துப் பிள்ளைகள் 14 மில்லிமீற்றர் உயரமாக இருந்தார்கள். அவர்களுடைய இரத்தக் குழாய்கள் மற்றவர்களுடையதைப் போல் விறைப்பாக இல்லை, உடம்பு சீனியைக் கையாளும் திறனும் கூடுதலாக இருந்தது. பெரிய மருந்து இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. நாள்தோறும் ஒரு கிண்ணம் சாப்பாடு, சரியான வயதில்.

அந்தக் கிண்ணம் எமது பிள்ளைக் காம்பராக்களில் வைக்கப்பட வேண்டும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன நாள் தொட்டு, பிள்ளை பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்ற கேள்வி கம்பனிக்கும் நிதியத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் பந்து மாதிரி உருண்டுகொண்டிருக்கிறது. பால் மா ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. மத்தியானச் சாப்பாடு சில தோட்டத்தில் உண்டு, பக்கத்துத் தோட்டத்தில் இல்லை. இப்போது புதிதாக ஒன்றும் நடக்கிறது. தேயிலை மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளருக்கே பிரித்துக்கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் இனித் தொழிலாளர் இல்லை, சொந்தக்காரர் மாதிரி என்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. தொழிலாளர் இல்லை என்றால் பிரசவக் காசு யார் கொடுப்பது, பால் கொடுக்கும் இடைவேளையை யாரிடம் கேட்பது, பிள்ளைக் காம்பராவை யார் நடத்துவது? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் எந்தத் தோட்டத்திலும் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது.

பெரியவர்களுக்கும் ஒன்று. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் பிரஷர், சீனி, நிறை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். எம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால், ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் சோதிக்க வேண்டும். பஞ்ச காலத்தில் பிறந்தவர்கள் நெஞ்சுவலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சோதனைக்குப் போகும் நாளுக்கு வருடத்தில் ஒரு முழுப்பேர் கேட்பது எமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளை நிறுக்கும் நாளுக்கு முழுப்பேர், பால் கொடுக்கும் தாய்க்குக் கிட்டிய மலை, பிள்ளைக் காம்பராவில் நாள்தோறும் பருப்புச் சோறும் வாரத்தில் மூன்று முட்டையும் என்பவையும் அதில் இருக்கின்றன. சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த பக்கத்தில் இவை இருக்கின்றன. பேச்சுவார்த்தையில் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடமாட்டோம்.

அதற்கு எங்கள் கையில் ஆதாரம் வேண்டும். வருகிற கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொரு தோட்டத் தலைவியும் தமது பிள்ளைக் காம்பராவுக்கு நேரில் போய், தராசு வேலை செய்கிறதா, உயரம் அளக்கும் பலகை உண்டா, சென்ற மாதம் எத்தனை நாள் சாப்பாடு கொடுக்கப்பட்டது, நிறை நாளில் எத்தனை தாய்மாருக்குப் பேர் வெட்டப்பட்டது என்று கேட்டு எழுத வேண்டும். கணக்கப்பிள்ளையோ கிளாக்கரோ சொல்வதை எழுத வேண்டாம், தாய்மாரிடம் கேளுங்கள். ஒரு கிலோக் கொழுந்துக் கல்லை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் தராசின் உண்மை தெரிந்துவிடும். எழுதியதை மாவட்டக் காரியாலயத்தில் மாதர் பிரிவுச் செயலாளரிடம் கொடுங்கள்.